மோதிரத்தைக் கழற்றிவிட்டுத் தள்ளவும்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: பற்பசை வேண்டாம். காரில் கீறல் விழுந்தால் கெய்ரோவில் பாதிப்பேர் நேராகக் குளியலறைக்குப் போய்ப் பற்பசையை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். யாரோ ஒரு மைத்துனன் சொல்லியிருப்பான். அவனுக்கு இன்னொரு மைத்துனன் சொல்லியிருப்பான். தேய்த்த கையோடு பளபளக்கும், இரண்டு நாள் வெயில் பட்டதும் கீறல் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கும். பிறகு கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று புலம்புவார்கள்.

நீங்கள் படியிறங்கி வந்து, கதவைத் தட்டி, "டாக்டரே, வீடு மாத்தும்போது கட்டில் கால் வண்டிக் கதவுல உரசிடுச்சு, வீட்டுலயே சரிபண்ண வழி இருக்கா?" என்று கேட்டீர்கள். தட்டிவிட்டுக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. இந்தக் கட்டடத்தில் அது அபூர்வம். உட்காருங்கள். நான் டாக்டரல்ல, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். நம் ஷுப்ராப் பேட்டையில் இஸ்திரி போட்ட சட்டை அணிந்தவனெல்லாம் டாக்டர், தொப்பை உள்ளவனெல்லாம் பாஷா. திருத்திப் பார்த்து அலுத்துவிட்டது.

நகத்தை வைத்துப் பாருங்கள். கீறலுக்குக் குறுக்கே நகத்தை மெல்ல இழுங்கள். நகம் மாட்டினால் அது நிறத்துக்குள் இறங்கிவிட்டது, உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. மாட்டாமல் வழுக்கினால் பிழைத்தீர்கள். நிறத்தின் மேல் கண்ணாடிபோல் ஒரு பூச்சு இருக்கிறது, கீறல் அதோடு நின்றிருக்கிறது என்று அர்த்தம். வண்டியை நிழலில் நிறுத்தி, தண்ணீர் விட்டுக் கழுவி, ஒரு மணல்கூட இல்லாமல் துடைத்துவிட்டு, மெல்லிய துணியில் பட்டாணி அளவு பாலிஷ் எடுத்துத் தேய்க்க வேண்டும். அழுத்தம் வேண்டாம். பொறுமை இருந்தால் போதும்.

ஒரு விஷயம் புரிந்துகொள்ளுங்கள். கீறலை எடுப்பது என்று எதுவும் கிடையாது. கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தை எப்படி எடுப்பது? சுற்றியிருக்கும் பூச்சைப் பள்ளத்தின் அடிமட்டம்வரை தேய்த்து இறக்குகிறோம். எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. லென்சிலும் இதே கதைதான். இருபத்தெட்டு வருடமாக லென்சைத் தேய்த்தே சாப்பிடுகிறேன், எனக்குத் தெரியும்.

பெயிண்டரிடம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஒருமுறை அவன் கை பட்டால் வண்டி ஃபப்ரீகா இல்லை. நாளைக்கு விற்கப் போனால், தொழிற்சாலையில் அடித்த நிறம்தானா என்று வாங்க வருகிறவன் சுண்டிச் சுண்டிப் பார்ப்பான், பெண் பார்க்க வந்தவனைப்போல் முகத்தைச் சுளிப்பான். என் வண்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கருநீலம், ஜெர்மன் வண்டி. பத்தொன்பது வருடம் ஆகிறது. இன்றுவரை முழுக்க ஃபப்ரீகா.

அதை நான் கண்டவனிடம் துடைக்கக் கொடுப்பதில்லை. காலையில் கடைக்குக் கிளம்பும்முன் நானே மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு இறங்கி, இரவு படிந்த புழுதியைத் துடைக்கிறேன். நம் ஊர்ப் புழுதிதான் உங்களுக்குத் தெரியுமே, முகட்டம் மலையே பொடிப்பொடியாக வந்து வண்டிமேல் படுத்துக்கொள்கிறது. தண்ணீர் விடுவதில்லை, தினமும் கழுவினால் கறை பிடிக்கும். உதறிவிட்டு, உலர்ந்த துணியால் நன்றாக அழுத்தித் துடைத்தால் போதும்.

கடைக்கு வருகிற சனங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். புத்தம்புதுக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு போவான், ஆறே மாதத்தில் சல்லடையாக்கிக்கொண்டு வருவான். "நான் ஒண்ணுமே பண்ணல டாக்டரே, அதுவா விழுந்துச்சு" என்பான். சொல்லிக்கொண்டே புழுதி பிடித்த ஜல்லாபியா அங்கியின் முனையால் என் கண்ணெதிரே அதைத் துடைப்பான். தன் கையாலேயே தேய்த்துக் கெடுத்துவிட்டு ஊரைக் குற்றம் சொல்கிற கூட்டம். இவர்களுக்குப் பார்வை கொடுப்பது என் தொழில்.

நீங்கள் புறநகரில் கராஜ் உள்ள வீட்டில் இருந்தவர். அதனால் இந்தத் தெருவின் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சுவரை ஒட்டி ஒரு வரிசை, அதற்குப் பக்கத்தில் இரண்டாம் வரிசை. இரண்டாம் வரிசையில் நிறுத்துகிறவன் கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட்பிரேக் போடாமல் பூட்டிவிட்டுப் போக வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவன் அதைக் கையால் தள்ளி ஒதுக்கிவிட்டுத் தன் வண்டியை எடுத்துக்கொள்வான். யாரும் யாரையும் கூப்பிடத் தேவையில்லை. சிலர் கண்ணாடிக்கு அடியில் போன் நம்பரும் எழுதி வைப்பார்கள். நான் வைப்பதில்லை. தெருவில் போகிறவன் வருகிறவனெல்லாம் படிக்கிற இடத்தில் என் நம்பர் கிடக்க வேண்டாம்.

ஆக, ஹேண்ட்பிரேக் போடாமல் விடுவது இங்கே சட்டமல்ல, மரியாதை. மரியாதை தெரிந்தவர்களுக்குக் காட்ட வேண்டியது.

உங்களுக்கு முன்னால் உங்கள் வீட்டில் மித்வல்லி என்று ஒருவன் இருந்தான். கரும்புச்சாறுக் கடை. அவனும் அவன் மனைவி அவாதிஃபும்தான், குழந்தை இல்லை. உங்கள் பால்கனிக் கம்பியில் இன்னும் ஒரு கயிறு தொங்குகிறதே, கூடை இறக்குகிற கயிறு, அது அவளுடையது. அவள் காய்கறிக்காரனிடம் கத்தரிக்காய் பேரம் பேசுவது இரண்டு மாடி கீழே இருக்கும் எனக்குக் கேட்கும். பேரத்துக்கு நடுவில் இழுப்பு வந்துவிடும். நிறுத்தி, மருந்துக் குழலை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேரத்தைத் தொடர்வாள்.

நான் காலையில் வண்டியைத் துடைக்கும்போது மேலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

"டாக்டரே, போதும் விடுங்க, தொடைச்சுத் தொடைச்சு நீலமே போயிடப் போகுது."

தெருவே சிரிக்கும். நான் தலையைத் தூக்கியதில்லை.

மித்வல்லியிடம் முப்பது வயதான வெள்ளை லாடா கார் ஒன்று இருந்தது. கதவு ஒரு நிறம், பானெட் ஒரு நிறம். முதல் வரிசையில், இப்போது நீங்கள் நிறுத்துகிற இடத்தில், நிறுத்துவான். நான் கடையிலிருந்து வரும்போது இடம் இருக்காது, அவன் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்துவேன். அவன் தினமும் என் வண்டியை டிக்கியில் கைவைத்துத் தள்ளுவான். கை என்றால் சாதாரணக் கை இல்லை. கரும்பைப் பிழிந்து பிழிந்து ரொட்டிச் சட்டிபோல் அகன்ற கை. வலது கையில் ஒரு வெள்ளி மோதிரம், புளியங்கொட்டை அளவுக்குச் சிவப்புக் கல். யாரோ ஷேக் ஓதிக் கொடுத்ததாம், மனைவியின் இழுப்பு நிற்பதற்காக. இழுப்பு நின்றதா என்று கேட்டேன். "நிக்கல டாக்டரே, ஆனா கூடல" என்றான். இப்படிப்பட்ட தர்க்கத்தோடுதான் நான் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினேன்.

டிக்கியில் முதல் கோட்டைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. முடியளவுக் கோடு. பூட்டுக்கு இரண்டு பக்கமும், கை வைக்கிற உயரத்தில். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து எடுத்தேன். அடுத்த வாரம் மறுபடியும் கோடு. பின் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டினேன்: மோதிரத்தைக் கழற்றிவிட்டுத் தள்ளவும். தெருமுனை இஸ்திரிக்காரன் ஷஹாத்தா அதைச் சத்தமாகப் படித்துக் காட்டி, "தொழப் போற மாதிரி கைகால் கழுவி ஒளுவும் பண்ணிட்டுத் தள்ளணுமா டாக்டரே?" என்றான்.

மித்வல்லி சிரிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அன்று மாலையே வந்தான்.

"என் மேல தப்பு டாக்டரே. எனக்குத் தோணவே இல்ல. இனிமே கழட்டிட்டுத்தான் தொடுவேன்."

அப்படியே செய்தான். மோதிரத்தை உருவுவான், பையில் போட்டால் தொலைந்துவிடும் என்று வாயில் போட்டு உதட்டுக்குள் அடக்கிக்கொள்வான், இரண்டு கையாலும் தள்ளுவான். என்னைப் பார்த்துவிட்டால் வாயில் மோதிரத்தோடு தலையை ஆட்டி ஸலாம் சொல்வான். பார்க்கச் சகிக்காது.

ஆனால் கோடு நிற்கவில்லை. அதுதான் விஷயம். நான் வெள்ளிக்கிழமை எடுப்பேன், செவ்வாய்க்கிழமை மறுபடியும் இருக்கும். முன்போலவே மெல்லிசாக, அதே இடத்தில். ஆக, நான் பார்க்கும்போது கழற்றுகிறான், பார்க்காதபோது கழற்றுவதில்லை. வேறு விளக்கம் உண்டா? நான் கோபக்காரனல்ல. மாதக்கணக்கில் எடுத்தேன், பேசாமல் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் பூச்சு கொஞ்சம் மெலிகிறது. எத்தனை தடவை தேய்க்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு.

ரமலான் வந்தது. கடைசிப் பத்து நாளில் ஒருநாள் மதியமே கடையைச் சாத்திவிட்டு வந்தேன். வண்டியை லாடாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தேன், காலையில் துடைத்துவிட்டுப் போன இடத்தில் புதிதாக ஒரு கோடு. நான் மறுபடியும் உள்ளே ஏறி ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். முழுக்க இழுத்தேன். முதல் கியரையும் போட்டேன். பூட்டிவிட்டு மேலே வந்தேன்.

என் எண்ணம் மிகச் சாதாரணமானது. நோன்பு திறந்தபின் அவன் கடைக்குப் போக வண்டியை எடுப்பான். வண்டி நகராது. படியேறி வந்து என் கதவைத் தட்டி, குனிந்த தலையோடு, "டாக்டரே, கொஞ்சம் எடுக்கறீங்களா" என்று கேட்க வேண்டியிருக்கும். நான் சாவியோடு இறங்கிப்போய், கோட்டைக் காட்டி, இரண்டு வார்த்தை சொல்வேன். அவ்வளவுதான். இதில் கெட்ட எண்ணம் எங்கே இருக்கிறது?

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு மேலிருந்து கூடை இறங்கி என் பால்கனிக்கு நேரே ஆடிக்கொண்டு நின்றது. ஒரு தட்டில் கத்தாயெஃப், நோன்பு மாதத்துக்கென்று பொரிக்கிற இனிப்பு, மேலே வேறொரு தட்டுக் கவிழ்த்து மூடியிருந்தது. ஒவ்வொரு ரமலானுக்கும் இறக்குவாள்.

"சூடா இருக்கு டாக்டரே, இப்பவே மூடியத் திறந்துடாதீங்க, நோன்பு முறிஞ்சுடும்" என்றாள். சொல்லும்போதே மூச்சு வாங்கியது. எண்ணெய்ப் புகை அவளுக்கு ஆகாது. தெரிந்தே பொரிப்பாள். நான் தட்டை எடுத்துக்கொண்டேன். நன்றி சொன்னேன், நான் மரியாதை தெரியாதவனல்ல.

மக்ரிபுக்கு, அதாவது நோன்பு திறக்கிற அந்திப் பாங்குக்கு, சற்று முன்பு நம் தெரு எப்படி இருக்கும் என்று இந்த ரமலானில் பார்ப்பீர்கள். ஒரு பூனைகூட இருக்காது. வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற ஆளும் பெரிய ரோட்டில் போட்டிருக்கிற தர்மப் பந்திக்குப் போயிருப்பான். எல்லா வீட்டிலும் டிவி, எல்லாரும் மேஜைமுன், கையில் பேரீச்சம்பழம். டாக்ஸி என்பது அந்த நேரத்தில் கிடையவே கிடையாது. ஆம்புலன்சைக் கூப்பிட்டால் அவனும் எங்கோ நோன்பு திறக்கத்தான் உட்கார்ந்திருப்பான்.

நான் மேஜையைத் தயார் செய்திருந்தேன். ஆப்ரிகாட் பழச்சாறு, சூப், பேரீச்சம்பழம், அவள் கொடுத்த கத்தாயெஃப். படிக்கட்டில் தடதடவென்று யாரோ இறங்கினார்கள். பாரம் தூக்கியவனின் காலடி. பிறகு லாடாவின் கதவு. பிறகு ஹார்ன்.

ஷட்டர் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவளை முன் இருக்கையில் சாய்த்து உட்கார வைத்திருந்தான். அவள் டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினாள். காலி மருந்துக் குழல் அவள் மடியில் கிடந்தது. எனக்கு விஷயம் புரிந்தது. புரியவில்லை என்று சொன்னால் பொய்.

சாவியைக் கையில் எடுத்தேன். கதவுவரை போனேன். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் என்னை வேறு மாதிரி நினைத்துவிடுவீர்கள்.

அப்போது ஹார்ன் நின்றது. வண்டியைத் தள்ளப் போகிறான் என்று தெரிந்தது. பார்த்தீர்களா, கேட்கவில்லை. நேராகக் கை வைக்கத்தான் போகிறான். உடனே எனக்கு ஒன்று தோன்றியது. இப்போது மோதிரத்தைக் கழற்றுகிறானா என்று பார்த்துவிட வேண்டும். இத்தனை மாதமாக நான் தெரிந்துகொள்ள விரும்பியது அது ஒன்றுதான். நான் பார்ப்பது அவனுக்குத் தெரியாது, இதைவிடச் சரியான சந்தர்ப்பம் கிடைக்காது. மறுபடியும் ஷட்டருக்குப் போனேன்.

கழற்றினான். அந்த அவசரத்திலும் உருவி வாயில் போட்டுக்கொண்டான். நான் அங்கே நிற்பதை எப்படியோ ஊகித்திருக்கிறான். இவர்களுக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு.

தள்ளினான். வண்டி அசையவில்லை. முதுகைக் கொடுத்துத் தள்ளினான். டிக்கிக்கு அடியில் கைவிட்டுத் தூக்கப் பார்த்தான். மோதிரம் வாயில் இருந்ததால் கத்த முடியவில்லை, மூக்கால் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அப்புறம் அதைத் துப்பிவிட்டுக் கூப்பிட்டான்.

"டாக்டரே... டாக்டரே... வண்டி நகரல... அவ மூச்சு விடல டாக்டரே..."

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால்கூட ஒருவேளை எனக்கு என்னைத்தான் கூப்பிடுகிறான் என்று உறைத்திருக்கும். படியில் ஓடிவருகிற சத்தம் கேட்டது, முதல் திருப்பம்வரை. அங்கே நின்றது. கீழே அவள் ஏதோ சத்தம் போட்டிருக்க வேண்டும், திரும்பி ஓடினான். அந்த நேரத்தில் நோன்பு திறக்கும் பீரங்கி வெடித்தது, பாங்கு ஆரம்பித்தது. எல்லா டிவியும் ஒரே குரலில் பாங்கு சொன்னால் நம் தெருவில் வேறெதுவும் கேட்காது.

சாவி என் கையிலேயே இருந்தது. அதை மேஜைமேல், தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். உட்கார்ந்தேன். நான் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். முதலில் ஆப்ரிகாட் சாறு, பிறகு பேரீச்சம்பழம். கத்தாயெஃப் நன்றாக வந்திருந்தது. உள்ளே வால்நட் கொஞ்சம் அதிகம்.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் பெரிய ரோட்டுக்கு ஓடினானாம். தர்மப் பந்தியில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவன் வாயில் போட்ட கவளத்தைத் துப்பிவிட்டு எழுந்து தன் வண்டியில் ஏற்றியிருக்கிறான். ஆஸ்பத்திரியில், கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்றார்களாம். ஆஸ்பத்திரிக்காரர்கள் எப்போதும் சொல்கிற வசனம், அதற்குப் பெரிய அர்த்தம் கொடுக்கக்கூடாது.

நான் தொழுதுவிட்டுக் கீழே இறங்கினேன். தெருவில் இன்னும் யாரும் வரவில்லை. வண்டியைத் திறந்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டேன். டிக்கியைப் பார்த்தேன். அகலமாக இரண்டு உள்ளங்கை வியர்வை அடையாளம், கொஞ்சம் எச்சில். கீறல் எதுவும் இல்லை. இருந்தாலும் மஞ்சள் துணியை எடுத்து ஒருமுறை நன்றாகத் துடைத்தேன். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் மோதிரம் கிடந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

அப்புறம் தெரு விழித்துக்கொண்டது. செய்தி வந்ததும் ஆளாளுக்கு ஓடிவந்தார்கள். லாடா கதவு திறந்தபடியே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஷஹாத்தா என் வண்டியின் டிக்கியில் ஒரு கையை வைத்தான். வண்டி வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போனது.

"ஒரு கையில நகருதேப்பா" என்றான் ஷஹாத்தா. "இதையா மித்வல்லியால தள்ள முடியல?"

"பதறிப்போயிருப்பான் பாவம்" என்றார் இன்னொருவர். "நோன்பு வச்ச ஒடம்பு வேற."

அவர்களாகவே பேசி, அவர்களாகவே முடிவுகட்டிவிட்டார்கள். இந்தச் சனங்களுக்குக் கதையை நாம் சொல்லவே வேண்டாம், ஒரு முனையைக் காட்டினால் மீதியைத் தாங்களே நெய்துகொள்வார்கள்.

துக்கப் பந்தலுக்குப் போனேன். கசப்புக் காப்பி குடித்தேன், குர்ஆன் ஓதி முடிகிறவரை இருந்தேன். என்னைவிட நெருங்கியவர்கள் பாதியில் எழுந்து போனார்கள். நான் கிளம்பும்போது மித்வல்லி வாசல்வரை வந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டான். விரலில் மோதிரம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

"டாக்டரே, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு வண்டி கியர்ல இருந்துச்சா? இல்ல, ஹேண்ட்பிரேக்கு..."

"இல்லையே" என்றேன். "எப்பவும் போல நியூட்ரல்லதான் விட்டிருந்தேன். ஷஹாத்தா ஒரு கையால தள்ளினான், நீயே கேட்டுப் பாரு."

"கேட்டேன். அப்படித்தான் சொல்றான்."

"நோன்பு, பதட்டம். மனுஷனுக்குக் கை விட்டுப்போறது சகஜம். உன்மேல தப்பு சொல்ல முடியாது."

அவன் தன் கைகள் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப நான்தான்" என்றான். பிறகு, "உங்க வண்டியில கீறல் ஏதும் விழல்லியே டாக்டரே? நான் கழட்டிட்டுத்தான் தள்ளினேன்" என்றான்.

"பரவாயில்லை" என்றேன். அந்தச் சமயத்தில் போய்க் கீறலைப் பற்றிப் பேசுவது அழகல்ல. நான் அதை மன்னித்துவிட்டேன்.

அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று உங்கள் முகத்தில் எழுதியிருக்கிறது. யோசித்துப் பாருங்கள். சொன்னால் அவள் எழுந்து வந்துவிடுவாளா? அவனுக்கு ஒரு எதிரி கிடைத்திருப்பான், அவ்வளவுதான். எதிரி இல்லாத துக்கம் சீக்கிரம் ஆறும். நான் அவனுடைய நன்மையைத்தான் பார்த்தேன்.

ஆறவில்லை என்பது வேறு விஷயம். அதற்கப்புறம் ஒரு கெட்ட பழக்கம் பிடித்துக்கொண்டது அவனுக்கு. தெருவில் நடந்துபோகும்போது இரண்டாம் வரிசையில் நிற்கிற வண்டிகளைத் தள்ளிப் பார்ப்பான். ஒரு வண்டி விடமாட்டான். கையை வைப்பான், வண்டி இரண்டடி நகரும், நின்று அதையே பார்ப்பான். அடுத்த வண்டிக்குப் போவான். முதலில் வண்டிக்காரர்கள் திட்டினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். ஷஹாத்தா அவன் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போவான். ஒருநாள் என் வண்டியையும் தள்ளினான். அது போய்க் குப்பைத் தொட்டியின்மேல் லேசாக முட்டியது. பம்பரில் ஒரு புள்ளி. இப்படியே எத்தனை நாளைக்குப் பொறுப்பது?

பிறகு கடையை விற்றுவிட்டுத் தமன்ஹூரில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டான். லாடாவையும் கொண்டுபோகவில்லை, பழைய இரும்புக்காரன் வந்து இழுத்துக்கொண்டு போனான். உங்கள் வீடு பூட்டிக் கிடந்தது. அந்த இடமும் காலியாகத்தான் கிடந்தது. குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள், யாரும் அங்கே வண்டி நிறுத்த முடியவில்லை. என் வண்டிக்கு உள்பக்க வரிசையில் வேறு வண்டி இல்லை, ஆகவே அதை யாரும் தள்ளவில்லை. எட்டு மாதம் அப்படி.

அந்த எட்டு மாதமும் கோடு விழுந்துகொண்டுதான் இருந்தது.

நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம், நானும் இதை யோசித்திருக்கிறேன். அவனுடைய மோதிரம் என் கடை மேஜை இழுப்பறையில் இருக்கிறது. ஒருநாள் பழைய கார்க் கதவு ஒன்றைக் கொண்டுவந்து அதன்மேல் மோதிரத்தை இழுத்துப் பார்த்தேன். அது அகலமாக, மொண்ணையாக ஒரு தடம் போடுகிறது. டிக்கியில் விழுவது முடியளவுக் கோடு. இரண்டும் ஒன்றல்ல. ஆகவே அவனிடம் இன்னொரு மோதிரம் இருந்திருக்க வேண்டும். அவன் போனபிறகும் விழுகிறதென்றால், இந்தத் தெருவில் அவனைப்போல் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். வேறென்ன?

இந்தாருங்கள், பாலிஷ். இரண்டு தடவைக்கு வரும். மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துணி மட்டும் நல்லதாக எடுத்துக்கொள்ளுங்கள். துணியில் ஒரு மணல் இருந்தாலும் நீங்களே புதிய கீறல் போட்டுவிடுவீர்கள், பிறகு யாரையும் குறைசொல்ல முடியாது. மேலே போகும்போது சமையலறை வாசலில் இருக்கிற அந்தத் தட்டையும் எடுத்துப் போங்கள். கூடையில் வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டியது, அனுப்ப ஆளில்லாமல் போய்விட்டது. உங்கள் வீட்டுத் தட்டுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேராகத் தூக்கிக்கொண்டு ஏறியதைப் பார்த்தேன். இதயமா? வாரத்துக்கு எத்தனை தடவை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும்? கேட்டுவைத்துக்கொள்கிறேன், அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

குழாய்ப் பள்ளத்தை மூடிவிட்டார்கள், நீங்கள் உங்கள் சிவப்பு வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். பக்கத்தில் என் வண்டிதான் நிற்கும். இன்று காலை துடைக்கும்போது பார்த்தேன், பூட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு. நீங்கள் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது, நான் அவசரப்பட்டு எதுவும் சொல்லப்போவதில்லை. கொஞ்ச நாளைக்கு ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

மோதிரத்தையா கழற்றுகிறீர்கள்? இப்போதே வேண்டாம், கல்யாண மோதிரம், கையிலேயே இருக்கட்டும். மித்வல்லியும் சொன்ன உடனே கழற்றியவன்தான். அதனால் கோடு நின்றுவிடவில்லையே.